ஏ ஷிஃப்ட்

திருநின்றவூரில் ஏறி, பேசின் பிரிட்ஜில் வண்டி மாறி, கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள்ளேயே எனக்குப் பாதி உயிர் போய்விடும். மீதி உயிரில்தான் வேலை. இரும்பு பைப் செய்யும் கம்பெனியில் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்ப்பது.

பைப் சோதனையை எந்த ஷிஃப்டில் யார் பதிந்தார்கள், யார் திருத்தினார்கள் என்று எல்லாவற்றுக்கும் கம்ப்யூட்டரில் லாக் இருந்தது. அதில் ஒன்றைத் தேடச் சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம், அவ்வளவு மெதுவு. மேனேஜர் நச்சரித்ததால் ஒரு தேடுபொறியைப் போட்டு, லாக் முழுவதையும் அதில் ஏற்றினேன். அதன் செட்டிங் ஃபைலை முழுசாகப் படிக்கவில்லை. அலுப்பு. பி ஷிஃப்ட், சி ஷிஃப்ட் என்று தேடிப் பார்த்தேன், கண்ணிமைப்பதற்குள் வந்தது. போதும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் மேனேஜர் ஏ ஷிஃப்டைத் தேடினார். ஒன்றுமே வரவில்லை. அந்த ஷிஃப்டில் சோதனை பார்த்தவர் பொன்னேரிக்காரர். ஏழு வருஷமாகக் கான்ட்ராக்ட், அந்த மாதம்தான் பெர்மனன்ட் ஆகவேண்டியவர்.

"தெனம் பதிவு போட்டுக்கினுதான் சார் இருந்தேன். நீங்களே சொல்லுங்க" என்றார் என்னிடம்.

"லாக் பொய் சொல்லாதுங்க" என்றேன். பெரிய மனுஷன் மாதிரி.

இரண்டு நாள் அவரைக் கேட்டிலேயே உட்காரவைத்துவிட்டார்கள். போகும்போதும் வரும்போதும் நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலை வேறெதற்கோ அந்த செட்டிங் ஃபைலைத் திறந்தேன். ஏற்றும்போதும் தேடும்போதும் கண்டுகொள்ளாமல் தள்ளிவிட வேண்டிய ஆங்கில வார்த்தைகள் என்று அதில் ஒரு பட்டியல். எதற்கும் உதவாத சில்லறை வார்த்தைகள். முதலாவதாக இருந்தது, 'ஒரு' என்பதற்கு ஆங்கிலத்தில் வரும் அந்த ஒற்றை எழுத்து: ஏ.

ஏ ஷிஃப்டின் ஏ-வையும் சில்லறை என்று தள்ளிவிட்டிருந்தது. அந்த வரியை அழித்து, லாக் முழுவதையும் மறுபடி ஏற்றி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. பொன்னேரிக்காரர் போட்ட பதிவுகள் பக்கம் பக்கமாக வந்தன. மேனேஜரிடம் காட்டி, தப்பு என்னுடையது என்றேன். அவர் என்னைத் திட்டக்கூட இல்லை. பெர்மனன்ட் ஆர்டரில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

கேட்டுக்கு நானே எடுத்துப்போனேன். மன்னிப்பும் கேட்டேன். அவர் ஆர்டரை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"இதுல 'அவன் போட்டான்'னு எழுதியிருக்கா சார்?"

"அதெல்லாம் எழுதமாட்டாங்க. ஏன்?"

"ரெண்டு நாளா ஊட்ல என் பொண்டாட்டியே கேட்டுக்கினு இருக்கா சார், மெய்யாலுமே நீ போட்டியான்னு."