கன்றுக்குட்டிக் கள்ளனும் என் பஸ்ரியனும்

என் புருஷனை என்னிடமிருந்து பறித்தவன் ஒரு கள்ளன். அவன் செத்து நூறு வருடத்துக்கும் மேலாகிறது. பெயர் டெனிஸ். ஐர்லாந்தில் ஒரு கன்றுக்குட்டியைக் களவெடுத்துப் பிடிபட்டு, 1834இல் கப்பலில் ஏற்றப்பட்டு அவுஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்டவன். அவனுடைய பரம்பரையில் வந்த நோரீன் என்ற கிழவி ரொறன்ரோவில் வந்து வாய்த்ததுதான் எனக்கு வந்த வினை.

என் புருஷன் பஸ்ரியன் மன்னாரில் பிறப்பு இறப்புப் பதிவகத்தில் இருபத்தேழு வருடம் கிளாக்கராக இருந்தவர். வெள்ளைக்காரன் காலத்துப் பதிவேடுகளில் புழு ஊர்ந்ததுபோல் கிடக்கும் ஆங்கில எழுத்தையெல்லாம் கண்ணாடி போடாமலே வாசிப்பார். நேர்மை என்றால் அப்படியொரு விசர் நேர்மை. என் தம்பி தன் மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்காக, பிறந்த திகதியை இருபது நாள் முன்னுக்குத் தள்ளி எழுதித் தரும்படி கெஞ்சினான். முடியாது என்றுவிட்டார். தம்பி இரண்டு வருடம் எங்கள் வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை. 1991இல் கனடாவுக்கு வந்தோம். அவருக்குக் கிடைத்தது ஒரு லைப்ரரியில் தரை துடைக்கிற வேலை.

அங்கேதான் அந்தக் கிழவி. மைக்ரோபிலிம் சுருளை மெஷினில் மாட்டி, பழைய கைதிகளின் பட்டியலை வாசிக்க முடியாமல் கண்ணைக் கசக்கிக்கொண்டு இருந்திருக்கிறாள். இவர் துடைப்பத்தைப் பிடித்தபடி பின்னால் நின்று, தன்பாட்டில் அதை வாசித்திருக்கிறார். அவ்வளவுதான். அடுத்த சனிக்கிழமை, தன்னுடைய ஓய்வு நாளில், சேர்ட்டை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு லைப்ரரிக்குப் புறப்பட்டார். எனக்காக அயர்ன் பண்ணி அவர் சேர்ட் போட்டது கலியாணத்தன்றுதான்.

பிறகு வீட்டில் ஒரே டெனிஸ் புராணம். உயரம் ஐந்தடி நாலு அங்குலமாம். கண் சாம்பல் நிறமாம். இடது புருவத்துக்கு மேலே வெட்டுத் தழும்பாம். வாசிப்பானாம், எழுத வராதாம். கள்ளனென்றாலும் அவனைப் பற்றி ஒன்றுவிடாமல் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று வாயெல்லாம் பல்லாகச் சொல்லுவார். அவனுடைய தாய் யார், எந்தக் கோயில் பங்கு, எந்த ஊர் என்பதுமட்டும்தான் இன்னும் தெரியாதாம். கிழவி முந்திரிகைப் பழ வற்றல் போட்டு ஒரு பாண் சுட்டு அனுப்புவாள். நான் தொடமாட்டேன். இவர் அதை மாசிச் சம்பலோடு சாப்பிட்டுவிட்டு நல்லாயிருக்கு என்பார்.

எனக்குப் பற்றியெரிந்தது. கிழவிக்கு எழுபது வயது, அது எனக்கும் தெரியும். ஆனால் என் எரிச்சலுக்கு வேறொரு காரணமும் இருந்தது.

என் ஐயா அமிர்தநாதர் அப்போது மடுவில் இருந்தார். சண்டையில் வீட்டை விட்டு ஓடி, மாதா கோயில் வளவில் ஒரு கூடாரத்துக்குள், எழுபத்தாறு வயதில், தனியாக. அவரைக் கனடாவுக்கு எடுக்க நான் ஸ்பொன்சர் பண்ணியிருந்தேன். இமிகிரேசனிலிருந்து கடிதம் வந்தது: அவர்தான் உன் தகப்பன் என்பதற்கு ஆதாரம் காட்டு, 1996 நவம்பர் முப்பதுக்குள் காட்டாவிட்டால் ஃபைலை மூடிவிடுவோம். என் பிறப்புப் பத்திரம் ஓடின ஓட்டத்தில் தொலைந்துபோனது. பதிவேடு எரிந்துபோனது. ஞானஸ்நானம் எடுத்த கோயிலும் இடிந்துபோனது. இவர் இரண்டு தரம் ஊரில் யார் யாருக்கோ எழுதினார், ஒன்றும் வரவில்லை. இரண்டு தரமும் நான் படுத்துக் கிடந்து அழுதேன். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுத்தால் "பாப்பம்" என்ற ஒரு சொல்லோடு எழும்பிப் போய்விடுவார்.

என் ஐயா அடுத்தவன் வலையில் விழுந்த ஒரு மீனைக்கூடத் தொட்டதில்லை. அந்த மனுசனுடைய உயரத்தையோ தழும்பையோ உலகத்தில் ஒருத்தனும் எழுதி வைக்கவில்லை. திருக்கை முள் குத்தினதில் வலது கால் இழுத்து இழுத்து நடப்பார், அதை யார் எழுதினான்? அவரும் ஒரு கன்றைக் களவெடுத்திருக்கவேணும் என்று நினைத்தேன். மாதாவே, அப்படித்தான் நினைத்தேன்.

செப்டெம்பரில் ஒரு சனிக்கிழமை பொறுக்க முடியவில்லை. சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டு, மோர்னிங்சைட்டில் பஸ் பிடித்து, சப்வே மாறி லைப்ரரிக்குப் போனேன். ஒரு மெஷினுக்கு முன்னால் இரண்டு கதிரை. கிழவியின் வெள்ளைத் தலை இவர் தோளில் முட்டாத குறை. நான் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே அவள் இவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். என்னைக் கண்டதும் இவர் கூச்சமே இல்லாமல், தாயைக் கண்டுபிடித்தாயிற்று என்றார். டெனிஸின் ஞானஸ்நானப் பக்கம் பழுதாய்ப் போயிருந்ததாம். அப்போது இவருக்கு ஒரு யோசனை வந்ததாம். அவர்களும் எங்களைப்போல வேதக்காரர்தானே, பிள்ளையின் பெயரோடு ஞானத்தாய் ஞானத்தகப்பன் பெயரையும் கோயில் சுவாமி எழுதியிருப்பார்தானே? தேடினால், டெனிஸ் பிடிபடுவதற்கு முதல் வருடம் தமக்கையின் பிள்ளைக்கு ஞானத்தகப்பனாக நின்றிருக்கிறான். இன்னாருடைய மகன், இன்ன ஊர் என்று அதில் கிடந்ததாம். கிழவி என்னையும் கட்டிப்பிடித்தாள். நான் மரம்போல நின்றேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன். "கள்ளன்ரை தாயைக் கண்டுபிடிச்சிட்டியள். என்ரை தேப்பன் என்ன பாவம் செய்தவர்?"

இவர் யன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். "தேடிக்கொண்டுதான் இருக்கிறன்" என்றார். எங்கே தேடுகிறார், எப்படித் தேடுகிறார் என்று ஒரு சொல் இல்லை.

ஒக்டோபரில் கிழவி டெனிஸின் ஊரைப் பார்க்க ஐர்லாந்துக்குப் போனாள். நவம்பர் முதல் கிழமை பஸ்ரியன் பெயருக்கு அங்கேயிருந்து தடித்த கடிதமொன்று வந்தது. தபால்பெட்டியைத் திறந்தவள் நான். கிழவியின் சரிந்த கையெழுத்து. சனிக்கிழமை காணாதென்று இப்போது கடலுக்கு அங்காலேயிருந்தும் எழுதத் தொடங்கிவிட்டாள் என்று நினைத்தேன். பிளாஸ்ரிக் பையில் சுற்றி அரிசி வாளிக்குள் அடியில் தாட்டுவிட்டேன்.

அன்றைக்கு வேலையால் வந்து, ஐர்லாந்துக் கடிதம் ஏதும் வந்ததோ என்று கேட்டார். இல்லை என்றேன். மறுநாளும் கேட்டார். அதற்கு மறுநாளும். அந்த முகம் வாடுவதைப் பார்க்க, சும்மா சொல்லக்கூடாது, எனக்குள்ளே குளிர்ந்தது. தினம் அளவுச் சுண்டால் அரிசி அள்ளும்போது பிளாஸ்ரிக் சரசரக்கும். நல்லாய்க் கிட என்று சொல்லி மூடுவேன்.

நவம்பர் முப்பது வந்தது, போனது. மேசையில் வெறுங்கையோடு இருந்தவரைப் பார்த்துக் கள்ளனுக்குச் செய்ததில் காற்பங்கு என் ஐயாவுக்குச் செய்தீர்களா என்று கத்தினேன்.

டிசம்பர் இரண்டாம் ஞாயிறு பூசை முடிந்து வந்திருக்கிறோம், கதவு தட்டுப்பட்டது. நோரீன். கையில் அந்தப் பாண். சப்பாத்தைக் கழற்ற முன்னமே இவரைப் பார்த்து ஏதோ கேட்டாள். என் இங்கிலீசு அரைகுறைதான், ஆனால் நடுவிலே ஒரு பெயர் வந்தது. அமிர்தநாதர். அந்தக் கிழவியின் வாயில் என் ஐயாவின் பெயர். கடிதம் நேரத்துக்கு வந்ததா, அமிர்தநாதரின் காரியம் சரிவந்ததா என்று கேட்கிறாள். கடிதம் வரவில்லையே என்று இவர் சொன்னார். சொல்லிவிட்டு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

நான் குசினிக்குள் போய் அரிசி வாளிக்குள் முழங்கை வரை கையை விட்டேன்.

உறைக்குள் இருந்தது கிழவியின் கடிதமல்ல. எங்கள் பங்கில் முன்பு இருந்த வெள்ளைக்காரர் டோலன் சுவாமியின் சத்தியக் கடிதம். டப்ளினில் வயதுபோன குருமாரின் மடத்தில் இருக்கிறாராம். நான் குமரியாய் இருக்கும்போது அயல் வீட்டுப் பிள்ளைக்கு ஞானத்தாயாக நின்றவள் என்பது பஸ்ரியனுக்கு ஞாபகம் வந்திருக்கிறது. டெனிஸைப் பிடித்த வழியிலேயே ஐயாவையும் பிடிக்கப் பார்த்திருக்கிறார். மூன்றாம் தரமும் என்னை அழவைக்கக்கூடாதென்று எனக்குச் சொல்லாமல், சுவாமியைத் தேடிப் போகும்படி கிழவியிடம் சொல்லியிருக்கிறார். எங்கள் பக்கம் ஞானத்தாயாக நிற்கிறவள் முதலில் சுவாமிக்கு முன்னால் செபம் சொல்லிக் காட்டவேண்டும். டோலன் சுவாமி அதை ஒரு கொப்பியில் குறித்துவைப்பார். அந்தக் கொப்பியின் பக்கத்தைப் பிரதி எடுத்து, கையெழுத்தும் முத்திரையும் வைத்து அனுப்பியிருந்தார். பஸ்ரியன் அதைத் தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்தார்.

"மக்டலீன், பதினேழு வயது, அமிர்தநாதரின் மூத்த மகள். விசுவாசப் பிரமாணத்தை நடுவில் மறந்துவிட்டாள். தகப்பன் கட்டையானவர், வலது கால் இழுத்து நடப்பவர், பின்னால் நின்று வாய்க்குள்ளே சொல்லிக்கொடுத்தார். நான் கேட்காததுபோல் இருந்தேன்."

என் ஐயாவையும் ஒருத்தர் எழுதி வைத்திருந்தார். காலையும்கூட எழுதியிருந்தார். நான் குசினித் தரையில் இருந்து, பெரிய சத்தமாய் அழுதேன். நோரீனுக்கு நடந்தது விளங்கியதோ என்னவோ, அவள் பாணை வெட்டத் தொடங்கினாள். அன்றைக்கு நானும் ஒரு துண்டு தின்றேன்.

பஸ்ரியன் ஒரு சொல் ஏசவில்லை. அன்றே மேசையில் இருந்து இமிகிரேசனுக்கு, தவணை தப்பியதற்கு மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினார். எழுதி முடித்து வாசித்துக் காட்டினார். ஐர்லாந்திலிருந்து வந்த ஆதாரம் தபாலில் தாமதமாகி டிசம்பரில்தான் கைக்குக் கிடைத்தது என்று மூன்றாவது வரியில் இருந்தது. இருபத்தேழு வருடம் ஒரு திகதியை மாற்றாத மனுசன்.

"பொய்யெல்லே எழுதியிருக்கிறியள்" என்றேன்.

கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தார். "களவெடுத்த ஆக்களைத்தான் ஒண்டும் விடாமல் எழுதி வைப்பினம்" என்றார். "உம்மை அப்பிடி எழுத எனக்கு மனம் வரேல்லை."

அடுத்த வருடம் ஓகஸ்டில் ஐயா வந்து இறங்கினார். எயார்போட்டில் அவர் காலை இழுத்து இழுத்து வருவதை எனக்கு முதல் கண்டவள் நோரீன்தான். அதற்கும் எனக்குக் கொஞ்சம் எரிந்தது.