கிள்ளைக் கழியில் "வரோம்" என்று சொல்லி மாட்டிக்கொண்டது

தை அறுப்பு முடிந்து நெல் வீடு வந்து சேர்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. "எத்தினி நாளு வயலயே பாப்ப, வா மாமா, தண்ணியப் பாத்துட்டு வரலாம்" என்றான் என் மச்சான் சேகர்.

காலை ஆறு மணிக்கு மங்கலம்பேட்டையில் பஸ் ஏறி, விருத்தாசலத்தில் மாறி, சிதம்பரம் சேர ஒன்பதாகிவிட்டது. அங்கே இட்லியும் கத்தரிக்காய் கொத்சும். கொத்சைப் பற்றி ஆரம்பித்தால் படகு கிளம்பிவிடும். இட்லியை எண்ணாமல் சாப்பிடுங்கள், அவ்வளவுதான்.

கிள்ளைக்கு டவுன் பஸ். இறங்கியதும் ஆட்டோக்காரர், "பிச்சாவரத்துல இன்னிக்குக் கூட்டம் ஜாஸ்திண்ணா. எங்க குப்பத்துலயும் படகு வுடுறாங்க, சோறும் உண்டு" என்றார். ஆட்டோவுக்கு நூறு ரூபாய்.

உப்பங்கழியோரம் கீற்றுக் கொட்டகையில் சாப்பாடு போடும் வளர்மதி குழம்பு கிண்டிக்கொண்டிருந்தாள்.

"எந்த ஊருண்ணா?"

என் வாயில் வெற்றிலை. "மங்க..." என்பதற்குள் கரண்டியோடு எழுந்துவிட்டாள்.

"மங்களூரா? அவரு வர மாட்டாரு. கெளம்புங்க!"

ஆட்டோக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "யக்கா, இவுங்க மங்கலம்பேட்டக்கா!"

அவள் கணவர் கலியமூர்த்தி வருஷாவருஷம் மங்களூர் போட்டில் மீன்பிடிக்கப் போகிறவர். "பத்து மாசம் போனுக்குள்ளதான் குடும்பம் நடத்துறாரு" என்றாள். இந்த வருஷம் போகாமல், சுற்றிப்பார்க்க வருகிறவர்களுக்குப் படகு ஓட்டுகிறார். ஞாயிறுகளில் ஆள் வந்தால் இங்கேயே இருப்பார். வராவிட்டால் மறுபடி மங்களூர்தான். அந்த போட் முதலாளி தினமும் போன் செய்கிறாராம். அவர் அனுப்பிய ஆள் என்று எங்களை நினைத்துவிட்டாள்.

ஒரு மணி நேரப் படகுக்கு ஆளுக்கு முந்நூறு. சுரபுன்னை மரங்கள் இரண்டு பக்கமும் வளைந்து கூரை போட்டிருந்தன. நீச்சல் தெரியாத சேகர் படகின் விளிம்பை விடவே இல்லை.

"ஆழமாண்ணா?"

"எறங்கி நின்னா இடுப்பளவு. எறங்காத வரைக்கும் கடலுன்னு நெனச்சிக்க" என்றார் கலியமூர்த்தி.

ஒரு கொக்கு பறந்தது. பக்கத்துப் படகில் கை தட்டினார்கள். நாங்கள் நாற்றங்காலில் கொக்கை விரட்டத்தான் கை தட்டுவோம். அதே கைதட்டல்தான், இங்கே அதனால் ஒரு வீட்டில் அடுப்பு எரிகிறது.

மடவை மீன் குழம்பும் இறால் தொக்குமாகச் சாப்பாடு நூற்றைம்பது. கை கழுவிவிட்டு, "சரிம்மா, வரோம்" என்றேன்.

"எப்போ?"

"என்னா எப்போ?"

"வரோம்னீங்களே. எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. நம்பி ரெண்டு கிலோ எறா வாங்குனேன். ஈதான் வந்துச்சு."

நம் பக்கத்தில் யார் "போறோம்" என்று சொல்வார்கள்? கண்டக்டரிடம் கூட "வரேன்" என்றுதான் இறங்குகிறோம். அது அவளுக்கும் தெரியும். ஆனால் ஆள் வேண்டுமே, அதனால் தெரியாத மாதிரி கேட்கிறாள்.

"அடுத்த ஞாயிறு, வேன்ல!" என்றுவிட்டான் சேகர்.

சொன்னபடியே ஒரு வேன் நிறைய சொந்தக்காரர்களோடு போனோம். படகு மூன்று தடவை போய்வந்தது. சேகர் துணிந்து இறங்கி, இடுப்பளவுத் தண்ணீரில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டான்.

நாங்கள் சாப்பிடும்போது கலியமூர்த்தியின் போன் அடித்தது. மங்களூர்.

"இல்ல மொதலாளி. இந்த வருசம் வேற ஆளு பாத்துக்கங்க. இங்கியே வேல சரியா இருக்கு... சரி மொதலாளி, வரேன்."

"எப்போ?" என்றாள் வளர்மதி, கரண்டியோடு.

"அடியே, போன வைக்கிறப்ப சொல்றதுடி அது!"

வேன் கூட்டம் முழுக்கச் சிரித்ததில் என் பெரியம்மாவுக்குப் புரையேறிவிட்டது.

போகிறவர்கள் முந்தின நாளே சாப்பாட்டுக்குச் சொல்லிவிடுங்கள். தொப்பி கட்டாயம். வெயிலுக்கு முன் படகு ஏறுங்கள். கிளம்பும்போது "வரோம்" என்று தாராளமாகச் சொல்லலாம், கையில் ஒரு தேதி மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்த முதல் ஞாயிறு என்று சொல்லியிருக்கிறோம்.