சுக்கான் பிடித்தவர்

என் வீட்டுக்காரர் சொல்லும் கதையில், படகைப் பவளப்பாறையில் ஏற்றியவள் நான். போன சனிக்கிழமையும் சொன்னார். ஜெர்மனியில், வால்டோர்ஃபில் எங்கள் வீட்டுக் கூடத்தில், ஊரிலிருந்து புதிதாக வந்த இரண்டு குடும்பங்கள் பிரியாணித் தட்டோடு உட்கார்ந்திருந்தன. "மேடம்தான் லுக்-அவுட். அப்புறம் என்ன, டமால்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தயிர்ப் பச்சடி எடுத்துவரும் சாக்கில் நான் சமையலறைக்குள் போய் ஒரு நிமிடம் நின்றேன். மூன்று வருடமாக இதே கதை, இதே டமால்.

நடந்ததை நான் சொல்கிறேன்.

ஜெர்மனிக்கு வந்த புதிதில் அவருக்கு வேலை விசா, எனக்கு அவர் மனைவி என்பதற்காக ஒரு விசா. வேலை செய்ய எனக்கு அனுமதி கிடையாது. கோயம்புத்தூரில் நானும் நாலு வருடம் இன்ஜினியராக இருந்தவள்தான். இங்கே பகல் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. ரைன் நதிக்குப் பக்கத்தில், சரளைக்கல் தோண்டிய பெரிய பள்ளம் ஏரியாகிவிட்ட ஓர் இடத்தில் பாய்மரப் படகு வகுப்பு நடந்தது. இருவரும் சேர்ந்தோம். அவர் இரண்டு சனிக்கிழமை வந்தார். மூன்றாவது வாரம் மழை. குளிருது என்று சொல்லி நின்றுவிட்டார்.

நான் விடவில்லை. பாவாடை நாடாவை நாற்காலிக் காலில் கட்டி முடிச்சுகள் பழகினேன். ஜெர்மன் கேள்விகளைப் பப்ளிக் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி வரிவரியாக மனப்பாடம் செய்தேன். முதலில் ஏரிக்கு, அடுத்த வருடம் கடலுக்கு என்று இரண்டு உரிமங்களும் வாங்கினேன். இந்த நாட்டில், இன்னாருடைய மனைவி என்று போடாமல் என் பெயருக்குக் கிடைத்த முதல் காகிதங்கள் அவை.

அவருடைய மேலாளருக்குப் பாய்மரம் என்றால் உயிர். மேலாளரின் நண்பர் ஒருவர் மாலத்தீவில் சின்னப் பாய்மரப் படகு ஒன்று வைத்திருந்தார். இரண்டு வாரம் எடுத்துக்கொள் என்று சொன்னவர் ஒரு நிபந்தனையும் வைத்தார். உரிமம் உள்ளவர் இரண்டு பேர் படகில் இருக்க வேண்டும், பவளப்பாறைகளுக்கு நடுவே போகும்போது அவர்களில் ஒருவர்தான் சுக்கான் பிடிக்க வேண்டும். மேலாளரிடம் உரிமம் உண்டு. மதியச் சாப்பாட்டின்போது இன்னும் யாரிடம் இருக்கிறது என்று அவர் கேட்க, என் வீட்டுக்காரர் கையைத் தூக்கிவிட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னார். ஒப்பந்தம் நாலு மாதத்தில் முடிகிறதாம், நீட்டிப்பது மேலாளர் கையில்தான் இருக்கிறதாம், நீட்டாவிட்டால் விசாவும் போய் மூட்டையைக் கட்ட வேண்டியதுதானாம். நீதான் கூட வருகிறாயே, அப்புறம் என்ன பயம் என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன். எனக்கும் அந்தக் கடலைப் பார்க்க ஆசை. என் பங்குத் தப்பு அது.

கடல் அழகாகத்தான் இருந்தது, இல்லை என்று சொன்னால் வாய் அழுகிவிடும். நடுக்கடலில் பவளப்பாறை ஒரு வளையம் போல எழும்பி நிற்கிறது. வளையத்துக்கு உள்ளே தண்ணீர் அசையாமல் கிடக்கிறது. ஆங்காங்கே வளையத்தில் ஓர் இடைவெளி, அதுதான் வாசல். ஒரு வளையத்திலிருந்து வெளியேறி, ஆழக் கடலைக் கடந்து, அடுத்த வளையத்தின் வாசலைத் தேடிப் போக வேண்டும். இந்த அழகையெல்லாம் நான் பெரும்பாலும் சமையல் மூலையின் சின்ன வட்ட ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மூன்று பேர் போன படகில் மேலாளர் கேப்டன், என் வீட்டுக்காரர் துணைக் கேப்டன், நான் சாம்பார். ஆடுகிற அடுப்பில் குக்கரைக் காலால் அணைத்துப் பிடித்துக்கொண்டு சமைத்திருக்கிறீர்களா? நான் சமைத்தேன்.

இந்த மென்பொருள்காரர்களுக்கு எதையும் ப்ராஜெக்டாக மாற்றாமல் இருக்க முடியாது. என் வீட்டுக்காரர் பயணம் முழுவதையும் எக்ஸெலில் போட்டு, பிளாஸ்டிக் உறையில் வைத்து, பாய்மரக் கம்பத்தில் ஒட்டியிருந்தார். எந்த நாள் எந்த வளையம், எத்தனை மணிக்கு நங்கூரம் எல்லாம் அதில் இருந்தது. முடிந்ததற்குப் பச்சை, தாமதமானதற்குச் சிவப்பு. சூரியன் எந்தப் பக்கம் இருக்கும் என்பதற்கு மட்டும் அதில் ஒரு கட்டம் இல்லை.

பவளத்துக்குள் போகிறவர்களுக்குச் சூரியன்தான் எல்லாம். வெயில் உச்சியிலோ முதுகுக்குப் பின்னாலோ இருந்தால் தண்ணீரின் நிறம் தெரியும். கருநீலம் ஆழம், வெளிர்ப்பச்சை மணல், கருப்பட்டி நிறம் தெரிந்தால் பாறை. வெயில் எதிரே இருந்தால் கடல் முழுக்கத் தகரம் போல மின்னும், ஒன்றும் தெரியாது. ஒன்பதாம் நாள் நாங்கள் நுழைய வேண்டிய வாசல் வளையத்தின் கிழக்குப் பக்கம் இருந்தது, மேற்கே பார்த்துத்தான் நுழைய வேண்டும். அட்டவணைப்படி நுழையும் நேரம் மாலை நாலரை. மதியமே சொன்னேன், இன்று வெளியே நின்றுவிட்டு நாளை நுழைவோம் என்று. மேலாளர் முந்தின நாள் என் வத்தக்குழம்பை மூன்று தட்டு சாப்பிட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு கீழே படுத்திருந்தார். என் வீட்டுக்காரர் குரலைத் தாழ்த்தினார்.

"அவர் முன்னாடி என் பேரைக் கெடுக்காதம்மா. ரெட் காட்டக் கூடாது."

மேலாளர் படுத்தபடியே, நீ கொண்டு போ என்று அவரிடம் சுக்கானைக் கொடுத்தார். என்னை முன்னால் நின்று பார்க்கச் சொன்னார். ஒப்புக்குச் சப்பாணி.

வாசலுக்குள் போனதும் கண்ணைக் கூசியது. கையை நெற்றிக்கு வைத்துப் பார்த்தேன். அந்த மினுமினுப்புக்கு நடுவே ஒரு கணம் அந்தக் கருப்பட்டி நிறம் தெரிந்தது.

"பாறைங்க. இடது பக்கம் திருப்புங்க, இப்பவே திருப்புங்க."

"ஸ்க்ரீன்ல கிளியரா இருக்கு" என்றார். கண் சுக்கானுக்குப் பக்கத்தில் இருந்த வழிகாட்டிப் பெட்டியில். நான் இரண்டாவது முறை கத்தி முடிப்பதற்குள் படகின் அடிவயிறு நறநறவென்று ஏறி நின்றது. நான் முன்கம்பியில் மோதி விழுந்து முழங்கை கிழிந்தது.

மேலாளர் தட்டுத்தடுமாறி மேலே வந்து என்ன நடந்தது என்று கேட்டார். என் வீட்டுக்காரர் ஜெர்மனில் பதில் சொன்னார். அவள்தான் முன்னால் நின்றாள், நேரத்தில் சொல்லவில்லை. மனப்பாடம் செய்து செய்து எனக்கு அந்த மொழி அவரைவிட நன்றாகப் புரியும் என்பது அவருக்கு மறந்துபோயிருக்க வேண்டும். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். முழங்கையிலிருந்து ரத்தம் வழிய நான் அவரையே பார்த்தேன். அவர் அட்டவணையைப் பார்த்தார்.

இரண்டு மணி நேரம் கழித்து நீர் ஏறி, படகு தானாகவே பாறையை விட்டு எழும்பியது. உள்ளே மணல் பரப்பில் நங்கூரம் போட்டோம். தண்ணீர் உள்ளே வரவில்லை. சுக்கானின் நுனி உடைந்திருந்தது, அடிப்பாகம் முழுக்கக் கீறல்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு வெளியேற வேண்டும் என்றது அட்டவணை. காலையில் கிழக்கே போனால் அதே வெயில் முகத்தில் அடிக்கும். நான் அந்த பிளாஸ்டிக் உறையைக் கம்பத்திலிருந்து பிய்த்து எடுத்தேன். ஒரு மணிக்கு முன்னால் படகு நகராது, சுக்கானை நான்தான் பிடிப்பேன் என்று மேலாளரிடம் நேராக ஜெர்மனில் சொன்னேன். அவர் சரி என்று தலையாட்டினார். ஒரு மணிக்கு என் வீட்டுக்காரரை முன்னால் நிற்க வைத்தேன். கருப்பட்டி நிறம் தெரியும்போதெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளை போலக் கை நீட்டிச் சொன்னார். உடைந்த சுக்கான் கையை இழுத்தது. பாறைக்கும் எங்களுக்கும் நடுவே சில இடங்களில் ஓர் ஆள் நீளம்தான் இருந்தது. வெளியே ஆழக் கடலுக்கு வந்த பிறகும் சுக்கானை விட மனமில்லாமல் பிடித்துக்கொண்டே இருந்தேன். சந்தோஷமாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். மேலாளர் மதியச் சோறு ஆகிவிட்டதா என்று கேட்டார்.

வால்டோர்ஃப் திரும்பி இரண்டு வாரம் கழித்து, அலுவலகத்திலிருந்து ஒரு படிவத்தோடு வந்தார் என் வீட்டுக்காரர். படகுக்காரருக்குக் கொடுக்க வேண்டிய விபத்து அறிக்கை. சுக்கான் பிடித்தவர் என்ற இடத்தில் என் பெயர் அச்சாகியிருந்தது. பின்னால் என் உரிமத்தின் நகல், என் படத்தோடு. இது யார் கொடுத்தது என்று கேட்டேன். கிளம்பும் முன்பே மேலாளர் நகல் கேட்டாராம், இவர் என்னுடையதைக் கொடுத்தாராம்.

ஆக, அந்த மனிதருக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். பாவம், ஏமாற்றிவிட்டோமே என்று நான் இரண்டு வாரம் கூனிக் குறுகிக்கொண்டு அவருக்குச் சமைத்துப் போட்டேன். உரிமம் யாருடையது என்று தெரிந்தே அவர் என்னைக் கரண்டி பிடிக்க விட்டு, சுக்கானை இவரிடம் கொடுத்திருக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒரு கையெழுத்துதானே" என்றார். "லைசென்ஸ் இல்லாதவன் ஓட்டினான்னு போட்டா அவருக்கும் பிரச்சினை, எனக்கும் எக்ஸ்டென்ஷன் போயிடும். உனக்கு இதுல என்ன போகப்போகுது?"

"என் பேரு போகுது" என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அழுதுவிடுவார் போலிருந்தது. பேனாவை எடுத்தேன். ஆமாம், போட்டேன். ஒப்பந்தம் நீண்டது, விசா நீண்டது, இந்த வீடும் இந்தக் கூடமும் அந்தக் கையெழுத்தில்தான் நிற்கின்றன. அதைப் போட்ட கை மீதும் எனக்குக் கோபம்தான்.

போடும் முன் அந்தப் படிவத்தை ஒன்று விடாமல் படித்தேன். பாறையில் ஏற்றியது யார் என்று கேட்டிருந்தார்கள். எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எவ்வளவு சேதம் என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். மறுநாள் உடைந்த சுக்கானோடு அதே வாசல் வழியாகப் படகை ஒரு கீறல் இல்லாமல் வெளியே கொண்டுவந்தது யார் என்று மட்டும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தக் கட்டத்தில் என் வீட்டுக்காரர் பெயரைத்தான் அச்சடித்திருப்பார்கள்.