இடுப்புக்குப் போன இடது கை

சரக்கு எடுக்கச் சித்தூர் போயிருந்தேன். மொத்தக் கடையில் விலை பேசிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. ரங்கசாமியின் மகள் பேசினாள். "மாமா, அப்பா விடிகாலையில பெருமாள் திருவடிக்குப் போயிட்டார். தூக்கத்துலயே. சிரமப்படலை." அவர் தன் வீட்டில், மலை தெரிகிற ஜன்னல் பக்கம் கண்மூடினார் என்று கேட்டபோது துக்கத்தோடு ஒரு நிம்மதியும் வந்தது. அந்த வீட்டில் இருக்கத்தான் அந்த மனுஷன் ஒரு காலத்தில் பெரிய சம்பளத்தை விட்டார்.

நம் மாடி ஆபீஸில் அவரிடம் வேலை பார்த்த நீங்கள் எல்லோரும் அவரை 'சாமி' என்றே கூப்பிட்டீர்கள். தொடங்கி வைத்தது நான். நான் நாகலாபுரம் பக்கத்து ஆள். எங்கள் வீட்டுக்கு ஒரு குழி நிலம் கிடையாது. மொட்டை போட்டுக்கொண்டு மலையிறங்குகிறவர்களுக்குத் திருப்பதி மலையடிவாரம் அலிபிரியில் தொப்பி விற்றேன். பிறகு சிடி கடை, அதற்குப் பிறகு வீடியோ கேம் பார்லர், இப்போது கம்ப்யூட்டர் கடை. அவர் கோயில் கைங்கர்யக் குடும்பம். பெங்களூரில் கம்ப்யூட்டரில் பொம்மைகளை நடக்க வைக்கிற வேலை.

லீவில் வந்தவர் ஒரு நாள் பார்லருக்குள் நுழைந்தார். காலேஜ் பசங்க ஒரு சாமுராய் கேம் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"மொதலாளி, இந்தக் கத்திக்கு எடையே இல்லையே. முருங்கைக்காய் மாதிரின்னா சுத்தறான்."

"இன்னா சாமி, பசங்க குஷியா ஆடிக்கினு இருக்கானுங்க. எடை போட்டா குடுக்கணும்?"

சிரித்தார். ஆனால் விடவில்லை. கட்டானா என்கிற அந்த வாளை வெட்டும் பக்கம் மேலே பார்க்கிறபடிதான் இடுப்பில் செருகுவார்கள், இவன் தலைகீழாகச் செருகியிருக்கிறான் என்றார். உறை மரத்தில் செய்தது, உருவும்போது 'ஷிங்' என்று சத்தம் வராது என்றார். "பிரம்மோத்சவத்துல வாகனம் தூக்கறவாளைப் பாருங்கோ. பாரம் தோள்லயா தெரியறது? இடுப்புலயும் குதிகால்லயும் தெரியும். கத்தியும் அப்படித்தான்."

அவர் சொன்னதில் பாதி எனக்குப் புரியவில்லை. ஆனால் இந்த ஆளை நம்பிப் பணம் போடலாம் என்பது மட்டும் புரிந்தது.

அந்த வருஷங்களில் படித்தவன் எல்லாம் பெங்களூர், அங்கிருந்து அமெரிக்கா என்று பறந்துகொண்டிருந்தான். சாமிக்கு மட்டும் திரும்பி வர வேண்டும். அப்பாவுக்குப் பார்வை போய்விட்டது. திருப்பதியை விட்டு அவர் நகர மாட்டார். ஊரிலேயே இந்த வேலை கிடைக்க ஒரே ஒரு வழி வந்தது. ஹைதராபாத் ஏஜென்ட் ஒருவர் சொன்னார், வெளிநாட்டு கேம் கம்பெனி ஒன்று ஒரு சாம்பிள் கேட்கிறது, வாளை உருவி ஒரே வீச்சில் வெட்ட வேண்டும், தேறினால் தொடர்ந்து வேலை. தேறினால் என் கடை மாடியில் ஆபீஸ், தேறாவிட்டால் அவருக்குப் பெங்களூர் பஸ் என்று பேசிக்கொண்டோம்.

சித்தூர் ஆசாரி ஒருவரிடம் மாங்கட்டையில் வாளும் உறையும் செய்து வாங்கினோம். எடைக்காக உள்ளே இரும்புக் கம்பி. மொட்டை மாடியில் சாமி வீச, நான் கேமராவில் பிடித்தேன். பேண்ட் போட்டு வரச் சொல்லியிருந்தேன். அவரோ அப்பாவுக்குச் சோறு போட்டுவிட்டு வேட்டியோடு ஓடி வந்திருந்தார். அந்த வேட்டியிலேயே, இடது இடுப்பில், வாளை உறையோடு செருகிக்கொண்டார். வலது கையால் உருவி வீசினார். அவ்வளவு எடை சுற்றியதும் வேட்டி அவிழப் பார்த்தது. இடது கையால் லபக்கென்று இடுப்பைப் பிடித்துக்கொண்டார். நான் சிரித்த சிரிப்பில் கேமராவே ஆடியது.

அந்தப் படத்தை வைத்து, அசைவு அசைவாகப் பார்த்து, பொம்மையைச் செய்து அனுப்பிவிட்டார். அனுப்பின பிறகுதான் எனக்குப் போட்டுக் காட்டினார்.

"சாமி, உன் சாமுராய் வேட்டிய புடிச்சிக்கினு நிக்கிறான்."

அவர் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தார். வெட்டி முடித்த வீரனின் இடது கை இடுப்பிலேயே இருந்தது. "போச்சு மொதலாளி. டிக்கெட் எடுத்துடறேன்" என்றார். "பதில் வரட்டும் இரு. பஸ் எங்க ஓடிடப் போவுது" என்றேன்.

பதில் வந்தது. மற்ற ஊர்க்காரர்கள் அனுப்பினதில் எல்லாம் இடது கை காற்றில் பறக்கிறதாம். இதில் மட்டும்தான் உறையின் வாயைப் பிடித்தபடி இருக்கிறதாம், நிஜத்தில் அப்படித்தானாம். செய்தவர் வாள் பழகினவரா என்று கேட்டிருந்தார்கள்.

"ஆமான்னு சொல்லிடு" என்றேன் நான். வியாபாரி வேறென்ன சொல்வான்? அவர் கேட்கவில்லை. வேட்டிக் கதையை முழுசாக எழுதி, நான் சிரித்தபடி பிடித்த, ஆடின படத்தையும் சேர்த்து அனுப்பிவிட்டார். ஆபீஸ் போனது என்றே நினைத்தேன். அவர்கள் சிரித்து எழுதினார்கள். கை எதற்காகப் போயிருந்தால் என்ன, சரியான இடத்துக்குத்தானே போயிருக்கிறது, அடுத்த வேலையை அனுப்புகிறோம் என்று. சாமி பெங்களூர் பஸ் ஏறவே இல்லை. அவர் அப்பா கடைசி வரை மகன் கையால் சாப்பிட்டார்.

பிறகு வேலைக்குச் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் அந்தப் படத்தைப் போட்டுக் காட்டுவார். "நிஜம்னா வேற ஒண்ணுமில்லை. ஒருத்தன் வீரமா வெட்டிண்டு இருக்கறச்சேயும் தன் சாமான் விழாம பார்த்துப்பான். அதைப் பண்ணுங்கோ, போதும்" என்பார். உங்களுக்கெல்லாம் மனப்பாடமாகியிருக்கும்.

அந்த மாங்கட்டை வாள் இன்னும் என் கல்லாவுக்கு மேலே தொங்குகிறது. கம்ப்யூட்டர் வாங்க வருகிறவர்கள் யாராவது கேட்டால் எடுத்து ஒரு வீச்சு வீசிக் காட்டுவேன். இப்போதெல்லாம் பேண்ட்தான் போடுகிறேன், பெல்ட்டும் உண்டு. அவிழ ஒன்றுமில்லை. ஆனாலும் வீசி முடித்ததும் என் இடது கை தானாக இடுப்புக்குப் போய்விடுகிறது. சாமி எனக்கு விட்டுப்போனது அதுதான்.