எக்ஸ்சேஞ்சில் போடாத பெட்டி

சித்தி மகன் போன வாரம் போன் செய்தான். "அக்கா, கேம் பெட்டி புது மாடல் வந்திருக்கு. வாங்கலாமா, இருக்கிறதே போதுமா?" என்று கேட்டான். எங்கள் சொந்தத்தில் நகை எடுப்பதென்றால் பெரியம்மாவைக் கேட்பார்கள், இந்த மாதிரி விஷயத்துக்கு என்னைக் கேட்பார்கள். எப்படியோ அப்படி ஒரு பேர் வாங்கிவிட்டேன். நானும் எரிச்சலோடு பதில் சொல்வேனே தவிரச் சொல்லாமல் இருக்க மாட்டேன். படம் இன்னும் கொஞ்சம் தெளிவாகத் தெரியும், ஆட்டம் சீக்கிரம் ஏறும், சூடாகிக் கத்தாது, அவ்வளவுதான், விளையாடப் போவது உன் பழைய கைதானே என்றேன். அவன் விடுவதாக இல்லை. கடைசியில், "சரி, பழசை என்னடா செய்வ?" என்று கேட்டேன்.

"எக்ஸ்சேஞ்ச்ல போட்டுருவேங்க்கா. அத வச்சுக்கிட்டு என்ன செய்ய?"

"அப்பத் தாராளமா வாங்கு" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். புதுசு வாங்குகிறவர்களைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் இல்லை. புதுசையும் வாங்கிக்கொண்டு பழசையும் வைத்துக்கொள்கிறேன் என்று யாராவது சொன்னால்தான், பழசு எங்கே போகப்போகிறது என்று விடாமல் கேட்பேன்.

அப்பா வீட்டை விட்டுப் போன வருடம் அது. அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. ஒத்தக்கடையில் புதிதாகப் பிளாட் போட்ட இடத்தில் எங்கள் வீடு. மாடியில் ஏறினால் யானைமலை முழுசாகத் தெரியும். அப்பா மோட்டார் பம்பு கம்பெனியில் விற்பனைக்காரர். மேலூர், திருமங்கலம், டி. கல்லுப்பட்டி என்று பம்புசெட்டு இருக்கிற ஊரெல்லாம் சுற்றிவிட்டு வருவார். அம்மா பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நான் ஒற்றைப் பிள்ளை.

பழைய பெட்டியை அப்பா தனக்காகத்தான் வாங்கினார், என் பேரைச் சொல்லி. வயர் வைத்த கன்ட்ரோலர் இரண்டு அதோடு உண்டு. எங்கள் ஆட்டம் கார் பந்தயம். இரண்டு பேர் ஆடினால் திரை குறுக்கே இரண்டாகப் பிரிந்து மேல்பாதி அவருக்கு, கீழ்பாதி எனக்கு. ஒரே வயலுக்கு நடுவில் வரப்புப் போட்டது போல இருக்கும். வளைவு வரும்போதெல்லாம் அப்பா பாயில் உட்கார்ந்தபடியே உடம்பை முழுசாகச் சாய்ப்பார். சாய்ந்து சாய்ந்து என் மேலேயே விழுவார். "அப்பா, என் வண்டிய மறைக்காதீங்க" என்று நான் கத்துவேன்.

அம்மாவுக்கு அந்தப் பெட்டியைக் கண்டாலே ஆகாது. அதன் பேரே சனியன்தான். "கழுத வயசாச்சு, இன்னும் பொம்மக் காரு ஓட்டிக்கிட்டு" என்பாள். ஆனால் ஒரே ஒரு முறை, நான் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் என் கன்ட்ரோலரை எடுத்து அம்மாவும் ஓட்டினாள். எந்தப் பித்தானை அழுத்தினாளோ, வண்டி திரும்பிக்கொண்டு எல்லோருக்கும் எதிரே ஓட ஆரம்பித்துவிட்டது. "அடியாத்தீ, டீச்சரம்மா ஒன்வேயில வாராங்க! ஒதுங்குங்கப்பா, ஒதுங்குங்க!" என்று அப்பா கத்தினார். அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர்கள் இருவரும் சேர்ந்து சிரித்ததில் எனக்கு நன்றாக ஞாபகம் இருப்பது அதுதான்.

அப்புறம் அவர்களுக்குள் பேச்சு நின்றுபோனது. எதனால் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, இன்றுவரை நானும் கேட்கவில்லை. "உங்கப்பாட்டச் சொல்லு, சோறு ஆறுதாம்." "உங்கம்மாட்டச் சொல்லு, எனக்குப் பசிக்கலையாம்." இடையில் நான் தபால்காரி. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள், வீடு இரண்டுபட்டதில் எனக்குத்தான் கொண்டாட்டம். இவர் கடலைமிட்டாய் வாங்கிக் கொடுத்தால் அவள் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுப்பாள். இப்படியே இருந்தால் நன்றாக இருக்குமே என்றுகூட நினைத்திருக்கிறேன். அப்படிப்பட்ட மண்டு நான்.

புரட்டாசியில் ஒருநாள் அப்பா என்னை ஸ்கூட்டரில் வைத்து டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போனார். நேரே ஒரு கேம் கடை. அங்கே புது மாடல் பெட்டி, வயர் இல்லாத கன்ட்ரோலரோடு, கண்ணாடிக்குள் பளபளவென்று உட்கார்ந்திருந்தது. அதைப் பற்றி நான் பல மாதமாக நச்சரித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் இரண்டு பேர் வீட்டில் வந்துவிட்டது, அதில் மழை பெய்தால் கார் கண்ணாடியில் தண்ணீர் வழிகிறதாம், நம் பெட்டியில் மழையே பெய்யாதே என்று. "இருக்கிறதே நல்லா ஓடுது, எதுக்குத்தா புதுசு?" என்றுதான் அப்பா அதுவரை சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் வாங்கிவிட்டார்.

அதைவிட ஆச்சரியம் அடுத்தது. எங்கள் வீட்டுக்குள் எந்தப் பொருளும் எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் வந்ததே கிடையாது. மிக்ஸியைக் கொடுத்து மிக்ஸி, டிவியைக் கொடுத்து டிவி. பழைய குக்கரின் கைப்பிடியையும் சேர்த்துக் கணக்குப் போடச் சொல்லி மல்லுக்கு நிற்கிற மனிதர் அப்பா. கடைக்காரரே வலிய வந்து, "பழச எடுத்துட்டு வாங்கண்ணே, நல்ல ரேட்டாப் போட்டுக் கழிச்சுக்கிறேன்" என்றார். "புதுசுல அந்தப் பழைய டிஸ்க் எதுவும் ஓடாதுண்ணே. வச்சிருந்து என்ன செய்யப் போறீங்க?"

"இருக்கட்டும் தம்பி. பழசு எனக்கு வேணும்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் இரண்டு பெட்டி! வகுப்பில் யாரிடமும் இரண்டு பெட்டி கிடையாது. திரும்பி வரும்போது அப்பா ஸ்கூட்டரை மெதுவாக ஓட்டியபடி சொன்னார், ஆரப்பாளையத்தில் ஒரு ரூம் எடுத்திருக்கிறாராம், கம்பெனி அங்கே பக்கமாம், தினமும் ஊரைத் தாண்டிப் போய்வர முடியவில்லையாம். "புதுசு ஒனக்கு. பழசு அப்பாவுக்கு. ரூம்ல எனக்கும் பொழுது போகணும்ல?" எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போகிற நெரிசல் எனக்கே தெரியுமே. பின்னால் உட்கார்ந்து பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "சரிப்பா" என்றேன்.

ஆயுத பூஜை லீவில் போவதென்று முடிவு செய்திருந்தார். அம்மாவிடம் அதைச் சொன்னதும் நான்தான். "அப்பா பூஜைக்கு இருந்துட்டு மத்தியானம் ஆரப்பாளையம் போறாராம்." அரிசி களைந்துகொண்டிருந்தவள், "போகட்டும்" என்றாள். களைந்த அரிசியை மறுபடியும் களைந்தாள்.

எங்கள் வீட்டு ஆயுத பூஜையில் எல்லாம் இருக்கும். என் பாடப்புத்தகங்கள், அம்மாவின் சிவப்புப் பேனா, அரிவாள்மணை, அப்பாவின் ஸ்பேனர் செட்டு, பம்பு காட்லாக்கு. கழுவிய ஸ்கூட்டருக்கு வாசலில் மாலை. கேம் பெட்டிக்கு மட்டும் இடம் கிடையாது. முந்தின வருடம் அப்பா கேட்டுப் பார்த்தார், "இதுக்கும் ஒரு பொட்டு வைக்கலாம்ல?" என்று. "இதென்ன தொழிலா, படிப்பா? சனியனுக்குச் சந்தனம் ஒரு கேடா?" என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்த வருடம் காலையில் நான் குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன், பூஜைப் பலகையில் நட்டநடுவில் பழைய பெட்டி உட்கார்ந்திருக்கிறது. தூசி துடைத்து, வயர்களைச் சுற்றிவைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மேலே ஒரு முழம் மல்லிகை. பக்கத்தில் என் புதுப் பெட்டி. வைத்தது அம்மா.

எனக்குப் பகீரென்றது. பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை முடியும்வரை தொடக் கூடாது. புத்தகத்துக்கு அந்தச் சட்டம் இருந்தபோது எனக்குச் சம்மதம்தான், ஒருநாள் படிக்க வேண்டாம். கேம் பெட்டிக்கு எப்படிச் சம்மதிப்பது? லீவு நாள் போச்சே என்று தரையில் காலை உதைத்தேன். அம்மா காதில் வாங்கவில்லை.

பொரி, சுண்டல், சாம்பிராணிப் புகை எல்லாம் ஆயிற்று. வாசலில் பூசணிக்காய் உடைத்துவிட்டு வந்த அப்பா, சாப்பிட்டு முடித்து உள்ளே போய்ப் பையோடு வந்தார். பலகைக்கு முன்னால் வந்து நின்றார். பெட்டியை அப்போதுதான் சரியாகப் பார்த்தார்.

"பூஜையில வச்சத எடுக்கக் கூடாதுங்க" என்றாள் அம்மா. "நாளைக்குத்தான்."

என்னிடம் சொல்லி அனுப்பவில்லை. அவரிடமே சொன்னாள். அப்பா அவளைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். பிறகு, "சரி" என்று பையைச் சுவரோரம் வைத்துவிட்டார்.

அன்று முழுவதும் அப்பா வீட்டிலேயே இருந்தார். சொட்டிக்கொண்டிருந்த அடுப்படிக் குழாய்க்கு வாசர் மாற்றினார். ஸ்பேனர் பூஜையில் இருந்ததால் கத்தி முனையாலும் பல்லாலும் மாற்றினார், அதைப் பார்த்து அம்மா, "பல்லு போயிரப் போகுது" என்றாள். நாலு மணிக்கு மழை பிடித்தது. அம்மா வாழைக்காய் பஜ்ஜி போட்டு, அப்பாவின் தட்டைத் தானே கொண்டுபோய் வைத்தாள். காப்பிக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்டாள். மூவரும் ஒரே பாயில் உட்கார்ந்து மழையைப் பார்த்தோம். அப்பா பழைய கதை ஏதோ சொன்னார், ஏதோ ஓர் ஊர்க் கிணற்றில் பம்பை இறக்கப் போய்த் தானே இறங்கிவிட்ட கதை. நான் அதைச் சரியாகக் கேட்கவில்லை. எனக்குப் பொழுதே போகவில்லை. புதுப் பெட்டி கைக்கெட்டும் தூரத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது யாருக்குக் கிணற்றுக் கதை வேண்டும்? மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் காலையில் அம்மா சீக்கிரமே குளித்துப் பூஜை செய்தாள். தட்டில் கற்பூரம் எரிந்தது. அப்பா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"எடுக்கட்டுமா?" என்று கேட்டார்.

"எடுக்கணும்னா எடுங்க" என்றாள் அம்மா.

அவர் எடுக்கவில்லை. அப்படியே நின்றார். அம்மாவும் எடுத்துக் கொடுக்கவில்லை, அடுப்படிக்கும் போகவில்லை. சேலைத் தலைப்பை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். இரண்டு பேரும் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கற்பூரம் எரிந்து அடங்கியது. இவ்வளவு பெரியவர்கள் சாமிக்கு இப்படிப் பயப்படுகிறார்களே என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

"கற்பூரம்தான் அணஞ்சிருச்சுல்ல, இனி எடுக்கலாம்" என்று பெரிய மனுசி மாதிரி சொல்லிவிட்டு, நானே போய் மல்லிகையை எடுத்து ஓரமாக வைத்துப் பழைய பெட்டியைத் தூக்கினேன். பையின் ஜிப்பை நானே திறந்தேன். "ரெண்டு கன்ட்ரோலரும் எதுக்குப்பா? நீங்க ஒத்தையாத்தான இருப்பீங்க?"

"நீ வருவல்லத்தா?"

"சரி, வச்சுக்கங்க. எனக்குத்தான் புதுசு இருக்கே." இரண்டையும் உள்ளே திணித்து ஜிப்பை இழுத்து மூடினேன். அப்பா என் தலையில் கை வைத்தார், அந்தக் கையை எடுக்கக் கொஞ்சம் நேரம் ஆனது. "வாரேன்" என்றார், யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. அம்மா உள்ளே போனாள், மிக்ஸி ஓடும் சத்தம் கேட்டது. இட்லிக்குச் சட்னி ஏற்கெனவே அரைத்து மேசையில் இருந்தது.

ஸ்கூட்டர் சத்தம் தெருமுனையைத் தாண்டுவதற்குள் நான் புதுப் பெட்டியை டிவியில் மாட்டிவிட்டேன். திரையில் மழை பெய்தது, கண்ணாடியில் தண்ணீர் வழிந்தது. திரை முழுவதும் எனக்கே எனக்கு. வளைவுகளில் மேலே சாய்ந்து விழவும் ஆள் இல்லை. என் இஷ்டத்துக்கு ஓட்டினேன்.

அம்மா எப்போது வந்து நிலைப்படியில் நின்றாள் என்று தெரியாது. டிவியைப் பார்த்தபடி நின்றாள். அவள் நல்ல மனநிலையில் இருக்கும்போதே சொல்லிவிட வேண்டுமென்று, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னேன். "அம்மா, அடுத்த வருசம் கேம் பெட்டியப் பூஜையில வைக்காதம்மா. நேத்து ஒருநாள் பூரா வீணாப் போச்சு."



"ஆமாத்தா" என்றாள். "வீணாத்தான் போச்சு."

அம்மா இவ்வளவு சுளுவாக என் கட்சிக்கு வந்துவிட்டாளே என்ற சந்தோஷத்தில் நான் அடுத்த பந்தயத்தை ஆரம்பித்தேன்.