ரொஹானி கேட்ட கரண்டி

ஜமாரிஸுக்கு வேலையே நடப்பதுதான். பதினோரு வருடமாகப் பள்ளத்தாக்குக் காப்புக்காட்டின் ஒற்றையடிப்பாதை அவன் பொறுப்பு. விழுந்த கிளையை ஒதுக்குவான், பெரணி வழியை மறைத்தால் வெட்டுவான், கால் முழுக்க அட்டையோடு ஏறி வருவான். வருடா வருடம் புதுப்பிக்கிற வேலை. தாய்வழி மரபுள்ள மினாங்கபாவ் மக்களின் ஊர்களில் ஆண்கள் போய் வாழ்வது மனைவி வீட்டில். சம்பளம் நின்ற மாப்பிள்ளைக்கு அங்கே சோறு எப்படி இறங்கும்?

அருவிக்குக் கீழே பாசிப்பாறையில், மிதியடி வடிவில் பூக்கும் அரிய ஆர்கிட் செடி ஒன்றே ஒன்று இருந்தது. நான்கு வருடம் இலையை மட்டும் காட்டிக்கொண்டிருந்த கழுதை, இந்த மழைக்கு மொட்டு விட்டது. திங்களன்று மேலதிகாரி அதைப் பார்க்க வருவதாக இருந்தார். ஜமாரிஸ் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். வீட்டில் சாப்பாட்டுப் பாயில் உட்கார்ந்து பெருமையடித்தான். எந்தப் பாறை என்றுகூடச் சொன்னான். பிறகுதான் பயம் வந்து, செடியைச் சுற்றி, தொட்டால் சுணை ஏறி எரியும் காஞ்சொறிக் கன்றுகளை நட்டுவைத்தான். அதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

ஞாயிறு காலை போனால் வெறும் பாறைதான் இருந்தது. காஞ்சொறி மிதிபட்டுக் கிடந்தது. பள்ளம் முழுக்கத் தேடிவிட்டு நடுப்பகலில் வீடு திரும்பினான்.

பாயில் மாமியார் ரொஹானி கைகளைச் சால்வைக்குள் வைத்திருந்தாள். கை கழுவும் கிண்ணத்தைத் தொடவேயில்லை.

"யுலி, ஒரு கரண்டி கொண்டா," என்றாள் மகளிடம்.

அறுபத்தெட்டு வருடத்தில் ஒருநாளும் கரண்டியால் சோறு தின்றவளில்லை அவள்.

"என்னம்மா திடீர்னு அதிகாரி வீட்டுப் பழக்கம்?" என்றாள் யுலினார்.

"கை சுளுக்கு."

"ரெண்டு கையுமா?"

ஜமாரிஸுக்குப் புரிந்துவிட்டது. கோபம் தலைக்கேறியது. ஆனால் மாமியாரைப் பார்த்துத் திருடி என்று மாப்பிள்ளை சொல்ல முடியுமா? மனைவி பக்கம் திரும்பினான்.

"யுலி, காஞ்சொறி பட்டவங்க தண்ணியில கை வைக்கக் கூடாது. மெழுகை இளஞ்சூட்டுல தடவி, ஆறினதும் உரிச்சா சுணை வந்துரும்."

"யாருக்குங்க பட்டுச்சு?"

"பொதுவாச் சொல்றேன். அந்தச் செடியும் இன்னைக்கே பாறைக்குத் திரும்பிப் போனாத்தான் பொழைக்கும். இல்லேன்னா நாளைக்கு என் வேலை போச்சு."

யுலினார் கொண்டுவந்து வைத்த கரண்டியை ரொஹானி ஓரமாகத் தள்ளினாள்.

"மாப்பிள்ளை, அடுப்படிக்குப் பின்னால மிளகாத் தொட்டியில ஏதோ களை முளைச்சிருக்கு," என்றாள். "எடுத்துட்டுப் போங்க. வேர்ல ஈரத்துணி சுத்தித்தான் இருக்கு."

பாதிச் சோற்றில் எழுந்து ஓடினான். மொட்டு முறியவில்லை. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது அவனுக்கு. அன்றே செடியைப் பாறையில் திரும்ப வைத்தான். மறுநாள் அதிகாரி மொட்டைப் பார்த்தார், அடுத்த வருட வேலைத்தாளில் கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை அது பூத்தது. வீட்டில் ஜமாரிஸ் மூச்சுவிடவில்லை. மறுநாள் காலை அவன் கிளம்பும்போது ரொஹானி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

"பூத்துருச்சா?"

"ஆமா அத்தை. வழி காட்டவா?"

"வழி எனக்குத் தெரியும்," என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவன் சிரிக்கவில்லை, சிரிப்பை அடக்கிக்கொண்டு முன்னால் இறங்கினான். பாறை முன்னால் அவள் வெகுநேரம் நின்று பார்த்தாள், இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுகக் கட்டிக்கொண்டு.