ராணி சேலையின் பச்சைக் கரை

சினிமாவில் வந்த ஒரு ராணிக்கு என் அப்பா சேலை நெய்தார். சேலத்தில் அப்போது ஒரு படக் கம்பெனி இருந்தது. அங்கே துணிமணி பார்ப்பவர் எங்கள் வீட்டுக்கு வந்து, "ராணி கட்டற சேலைங்க, பாக்கறவங்களுக்குக் கண்ணு கூசோணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். கூசவைத்தே தீருவது என்று அப்பா கங்கணம் கட்டிக்கொண்டார்.

அரக்குச் சிவப்பில் உடல், பாசிப்பச்சையில் சாண் அகலத்துக்குக் கரை. கரைக்கு ஊடைநூல் வைத்த தனி நாடா குறுக்கே ஓடவேண்டும். அதை அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து அம்மாதான் போடுவாள். சிவப்பும் பச்சையும் சேரும் இடத்தைப் பார்த்தபடியே நான் தறியோரம் தூங்கிப்போவேன். கனவில் ராணி வருவாள். முகம் இருக்காது, சேலை மட்டும் நடந்து வரும்.

படம் வந்ததும் அப்பா தெருவையே கிளப்பிக்கொண்டு கொட்டகைக்குப் போனார். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் தட்டி. எனக்கு அதுதான் முதல் சினிமா. ராணி வந்தாள். சேலை கறுப்பாக இருந்தது. கரையும் அதே கறுப்பு. எது உடல், எது கரை என்றே தெரியவில்லை.

"கரையே இல்லாத சேலையாட்ட இருக்குதுங்கக்கா" என்று எதிர்வீட்டு அத்தை அம்மாவிடம் சொல்லிச் சிரித்தாள். தட்டிக்கு அந்தப் பக்கமும் சிரிப்பு எழுந்தது.

படத்துக்கு நிறம் கிடையாது என்பது அப்பாவுக்குத் தெரியாததல்ல. ஆனால் தறியில் உட்கார்ந்தவருக்குத் தன் கண்தான் கண். காமிரா என்கிற ஒற்றைக்கண் யந்திரம் சிவப்பையும் பச்சையையும் ஒன்றாக்கிவிடும் என்று யார் கண்டது?

வீட்டுக்கு வந்ததும் அப்பா சாப்பிட வரவில்லை. தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். அம்மா பக்கத்தில் போய் நின்றாள்.

"எனக்குக் கரை நல்லாத் தெரிஞ்சுதுங்க. பச்சைப் பசேல்னு இருந்துச்சு."

அப்பா நிமிர்ந்தார். "நெசமாவா?"

"மாரியாத்தா மேல சத்தியமாங்க."

அப்பா எழுந்து போய்க் கை கழுவினார். அம்மாவுக்குத் தெரிந்த பச்சை எனக்குத் தெரியவில்லை என்றால் கோளாறு என் கண்ணில்தானே? விடிந்ததும் அம்மாவின் மடியில் விழுந்து, "எனக்குக் கண்ணு கெட்டுப்போச்சும்மா, பச்சையே தெரியல" என்று அழுதேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். தறியில் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்த அப்பாவையும் பார்த்தாள்.

"அழுவாத சாமி. ஆடி நோம்பிக்கு ஆத்தாளுக்குக் கண்மலர் வாங்கிப் போடலாம், சரியாப் போயிரும்" என்றாள் மெதுவாக.

அப்படியே செய்தோம். வெள்ளித் தகட்டில் வெட்டிய இரண்டு கண்கள். கண்ணில் குறையுள்ளவர்கள் மாரியம்மனுக்குச் செலுத்துவது. என் கையில் கொடுத்துப் போடச் சொல்வாள் என்று நினைத்தேன். அவளே போட்டாள். பிறகு சன்னதியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள், நிறுத்தாமல் போட்டுக்கொண்டே இருந்தாள். கண்ணீர் வழிந்து முந்தானை நனைந்தது.

என் கண்ணுக்காக அம்மா இப்படி உருகுகிறாளே என்று எனக்கு ஒரே பெருமை.